எட்டாவது நாய்

மூடிப்போன பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம்.
கூடைப்பந்து வளையம் உண்டு, வலை இல்லை.
நவம்பரில் ராக்வெரே ஊருக்கு
நாலு மணிக்கே இருட்டிவிடும்.
ஆறு மணி வகுப்புக்கு
நனைந்த நாய்களோடு வந்து சேர்கிறோம்,
ஆளுக்கொரு பையில்
அவித்த கோழி ஈரல்.

எட்டு நாய்கள், ஒன்பது பேர்.
பூடில் நாய்க்கு மட்டும் கணவனும் மனைவியும்.
அவர் கட்டளை இடுவார்,
இந்த அம்மாள் அவரைத் திருத்துவாள்,
பூடில் நாற்காலிக்கு அடியில் போய்விடும்.

"இஸ்து" என்கிறாள் பயிற்சிக்காரி கேர்து.
உட்கார் என்று பொருள்.
ஏழு நாய்கள் உட்காருகின்றன,
பூடில்கூட, பாதி.
எட்டாவது என்னுடையது.
தப்பான படிவத்தை நீட்டியவனை
வங்கிக்காரி பார்ப்பாளே,
அப்படிப் பார்க்கிறது.

இஸ்து.
இஸ்து, திம்கா.
இஸ்து, கொஞ்சம் தயவு பண்ணு.

"கெஞ்சாதீர்கள், ஹெல்தூர்.
குரலை இறக்கிச் சொல்லுங்கள்."

முப்பத்தொன்பது வருஷம்
பேருந்துகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்து
போல்ட்டோடும் கிரீஸோடும் பேசியவன்.
எந்தக் குரலை இறக்க?

மூன்று செவ்வாய்க்கிழமைகள் போயின.
ராஸ்முஸ் என்ற பொடியனின் குட்டைக்கால் நாய்
கூடத்தின் அந்தக் கோடியில் இருந்து
கூப்பிட்டவுடன் உருண்டு வந்தது.
என் பெயருக்கு எதிரே கேர்து
குறிப்பேட்டில் ஏதோ எழுதினாள்.
எட்டிப் பார்த்தேன்: பிடிவாதம்.
நாயையா, என்னையா, எழுதவில்லை.

உண்மையில் நாய் என்னுடையதல்ல.
எதிர்வீட்டு ஜினாய்தா பாவ்லவ்னாவுடையது.
பதினோரு வருஷம் ஒரே மாடி,
ஒரே குப்பைத்தொட்டி,
தலையசைப்புக்கு மேல் ஒரு சொல் இல்லை.
ஆம்புலன்ஸ் வந்த காலையில்
கயிற்றை என் கையில் திணித்து
அவள் மொழியில் என்னமோ சொன்னாள்.
விளங்காதவன் மாதிரி நின்றேன்.

விளங்கியது.
"அதட்டாதே, பயந்துவிடும்."

பத்தொன்பது வயதில்
அந்த மொழியின் பட்டாளத்துக்கு இழுத்துப் போனார்கள்.
இரண்டு வருஷம்.
வினைச்சொற்களைச் சேற்றில் கற்றேன்:
விழு, எழு, ஓடு, நில்.
திரும்பி வந்து
சீருடையைக் கொட்டகை அடுப்பில் எரித்தபோது
அதையும் சேர்த்து எரித்ததாக நினைப்பு.

நாலாவது செவ்வாய்.
கேர்து முதுகைக் காட்டி நின்றாள்.
பூடில்காரர்கள் தங்களுக்குள் சண்டையில் இருந்தார்கள்.
குனிந்து, காதருகே,
இருமல் மாதிரி சொன்னேன்:
சித்யேத்.

சொல் முடியவில்லை,
திம்கா உட்கார்ந்துவிட்டது.
முதுகு நிமிர்ந்து, காது முன்னால் வந்து,
வால் பலகைத் தரையைப் பெருக்கியது.
இத்தனை நாள் எங்கே போயிருந்தாய்
என்று கேட்கிற முகம்.

ஸ்தயாத்.
நில்.
எனக்கு அதைச் சொன்ன சார்ஜெண்டின்
வெங்காய மூச்சு இன்னும் மூக்கில் இருக்கிறது.
நாயோ எழுந்து, விருந்துக்கு வந்ததுபோல்
நின்றது.
ஒரே சொல்தான்.

கூடம் அமைதியானது.
இந்த வருஷங்களில் இந்த ஊரில்
அந்த மொழி காதில் விழுந்தால்
யாராவது ஒருவர் தரையைப் பார்ப்பார்.
பூடில்காரர் பார்த்தார்.
கேர்துவுக்கு இருபத்தாறு வயது, அது தெரியாது.
"என்ன சொன்னீர்கள்?"
"உட்காரச் சொன்னேன்."
"அதையே சொல்லுங்கள்," என்றாள்,
"ஆனால் ஈரலைச் சீக்கிரம் கொடுங்கள்,
தாமதித்தால் எதற்குக் கொடுத்தீர்கள் என்று மறந்துவிடும்."

இரவு வீடு திரும்பும்போது
திம்கா மூன்றாம் மாடியில் நின்றுவிடும்,
என் கதவில் அல்ல.
எதிர்க்கதவின் அடியில் மூக்கை வைத்து
நீளமாக ஒருமுறை இழுக்கும்.
'என்னிடம் வா' என்பதற்கு
அவள் வைத்திருந்த சொல் எனக்குத் தெரியும்.
சுவர் வழியே பதினோரு வருஷம் கேட்டிருக்கிறேன்.
இன்னும் சொன்னதில்லை.
நாயும் நானும் நிற்கிறோம்.
படிக்கட்டு விளக்கு தானாக அணைகிறது.
கையை வீசினால் மறுபடி எரியும்.