சட்டைப்பைக்குள் கைகள்

செவ்வாயும் வெள்ளியும்
குரு தேஜ் பகதூர் நகரில் ஏறி
வடாலா தாண்டுவதற்குள் போனில் படித்துவிடுவேன்.
பதின்மூன்று வருஷமாய் இப்படித்தான்.
கதையின் பெயர் 'லிஃப்ட் பழுது'.
தாராவிப் பக்கம் ஓர் ஏழு மாடிக் கட்டடம்,
நான்காம் மாடித் திருப்பத்தில்
யாராவது மூச்சு வாங்க நிற்பார்கள்,
இன்னொருவர் வந்து பேச்சுக் கொடுப்பார்.
அவ்வளவுதான்.

வரைகிறவர் சில்வியா மரியதாஸ்.
பார்த்ததில்லை.
அவருக்குக் கை வரைய வராது என்பது மட்டும் தெரியும்.

முதல் வருஷம் விரலெல்லாம் வெண்டைக்காய்.
அப்புறம் தந்திரம் பழகிக்கொண்டார்.
ஆண்கள் சட்டைப்பைக்குள் கைவிட்டு நின்றார்கள்,
பெண்கள் முந்தானைக்குள்.
கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த ராசய்யா
அதைக் கக்கத்தில் இடுக்கியபடியே
'எடுத்துக்குங்க' என்றார்.
தாலி கட்டும் நேரத்தில்
பக்கம் முழுக்க நாதஸ்வரக்காரரின் கன்னம்.

மறதியும் உண்டு.
நாய் கறுப்பாய் இருந்தது, பழுப்பானது,
ஒரு மழைக்காலம் முழுக்க இல்லவே இல்லை.
வாட்ச்மேன் துபேயின் எட்டு வயது மகள்
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
பால் வாங்கப் போனாள்.
இன்னும் திரும்பவில்லை.
ஆறாம் வருஷத்துத் துப்பறியும் கதையை
நான் மன்னிப்பதாக இல்லை.
தண்ணீர் மோட்டாரைத் திருடியது யாரென்று
பதினாலு மாதம் இழுத்து,
கடைசியில் மோட்டார் திருடே போகவில்லையாம்.
செல்லத்தாயின் மகன் இன்றும் ஏழாம் வகுப்பு.
எனக்குக் காதோரம் நரைத்து
சர்க்கரை மாத்திரை இரண்டாகிவிட்டது.

ஆனால் அந்த மழை.
சாய்ந்த கோடுகள்தான், வேறொன்றுமில்லை.
கோடுகளின் நெருக்கம் பார்த்தே
இது ஜூன், இது ஆகஸ்டு,
இது தண்டவாளம் முழுகி
ஆபீசுக்கு லீவு சொல்லும் மழை
என்று பிரித்துவிடலாம்.
அப்புறம் பேச்சில்லாத பக்கங்கள்.
வேலை போன அன்று ராசய்யா
ஏழு மாடியும் ஏறுகிறார்,
பதினாலு கட்டம்,
கதவைத் தட்டுமுன் முகத்தைச் சரிசெய்துகொள்கிறார்.
அன்று மஸ்ஜிதில் இறங்கவேண்டியவன்
கடைசி ஸ்டேஷன் வரை போய்விட்டேன்.

போன மாதம் மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை.
பிறகொரு செவ்வாய்க்கிழமை
செல்லத்தாய் பட்டாணி உரிக்கிறாள்.
கை.
இரண்டு கையும், வெளியே.
நகக்கண்ணில் பச்சை, கட்டைவிரல் மடிப்பு,
வளையல் அழுந்திய தடம் வரை அச்சுப் பிசகவில்லை.
எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில்
கையெழுத்து ஒப்பிடுவது என் வேலை.
நிஜக் கையெழுத்து
ஒருதடவை போல் மறுதடவை இருக்காது.
பாலிசியில் ஒரு வளைவு, காசோலையில் ஒரு நடுக்கம்.
கொஞ்சமும் பிசகாமல் ஒத்துப்போனால்தான்
மேனேஜரைக் கூப்பிடுவேன்.

இதை வரைந்தது யாரோ. அல்லது எதுவோ.
பழைய பக்கங்களை விரல் சலிக்கத் தள்ளினேன்.
ராசய்யாவின் மூக்கு
எந்த இரண்டு செவ்வாய்க்கும் ஒன்றாய் இல்லை.
குறையென்று நான் குறித்துவைத்ததெல்லாம்
ராத்திரி ஒரே ஆள் உட்கார்ந்து வரைந்தாள் என்பதற்குச்
சாட்சிக் கையெழுத்தாய்க் கிடந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது.
பட்டாணி உரித்தாயிற்று.
செல்லத்தாய் துண்டில் கை துடைக்கிறாள்,
துண்டு மட்டும்தான் தெரிகிறது.
செவ்வாய்க்கிழமைக் கைகளைப் பற்றி
யாரும் எதுவும் சொல்லவில்லை.
படிக்கட்டில் நாய், இந்தமுறை வெள்ளை.
நாயைத் தாண்டி ஏறி வருகிறாள்
பத்தொன்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி,
பால் பாக்கெட்டை மார்போடு அணைத்து,
கைகளைத் துப்பட்டா மறைத்திருக்க.
அந்தக் கட்டடத்தில் வயது ஏறியது
அவள் ஒருத்திக்குத்தான்.

'மீதிச் சில்லறை எங்கே?' என்கிறார் துபே.