விளக்குப் போட்ட பேய் ரயில்

முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாகப்
பேய் ரயிலுக்குள் டியூப்லைட் போட்டார்கள்.
ஏலக்காரருக்குக் கண் தெரிய வேண்டுமே.

எலும்புக்கூட்டுக்கு ஒரு முழங்கால் இல்லை.
கல்லறை மூலையில் பெயிண்ட் டப்பாக்கள்.
இருட்டில் கன்னத்தைத் தடவும் அந்த ஈரக் கை
டோரீனின் பாத்திரம் கழுவும் கையுறை,
தினமும் காலையில் வாளியில் முக்கித்
தொங்கவிடுவது அவள் வேலை.

தூக்கில் தொங்குகிறவன், எண் 88.
சூனியக்காரி, பொக்கை வாய், 89.

தண்டவாளத்துக்கு அடியில் பெருக்கினோம்:
பழைய பென்னிகள், கொண்டை ஊசி,
எல்லாமே இடது காலாக மூன்று செருப்புகள்,
யாரோ அலறியதில் கழன்று விழுந்த
பல்செட் ஒன்று.
டோரீன் அதை ஏப்ரனில் துடைத்துச்
சூனியக்காரிக்கு மாட்டினாள்.
"இப்போது விலை ஏறும்."

வெளியே வடகடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது.
ராட்சத ராட்டினத்தைச் செவ்வாயன்றே லாரி ஏற்றிவிட்டார்கள்.
அது இருந்த இடத்தைக் கடற்காகங்கள்
இன்னும் சுற்றிக்கொண்டுதான் போகின்றன.

ஏலக்காரர் போனதும் விளக்கை அணைத்தாள்.
"ஏறு" என்றாள்.
மோட்டார் இல்லை. அவளே தள்ளினாள்.

எந்த வளைவில் எது என்று
ஆணி ஆணியாகத் தெரிந்தவன்தான்.
கத்திவிட்டேன்.

ஈரம்.
இன்றைக்கும் முக்கியிருக்கிறாள்.