தனி வாளி

சென்னையிலிருந்து வந்தவர் ஆளுக்கு அறுபது கேள்வி கொடுத்தார்.
கேன்டீன் மேசைகளை ஒட்டிப் போட்டு எழுதினோம்.
விருந்தில் நீங்களாகப் போய்ப் பேசுவீர்களா?
மொய் எழுதுகிற விருந்தா, மற்றதா
என்று கேட்டான் தேசிங்கு.
மனசில் முதலில் வருவதை எழுதுங்கள் என்றார்.

சிவப்பென்றால் முடிவெடுப்பவர். மஞ்சள், கலகலப்பு.
நீலம் கணக்குப் பார்க்கும்.
எனக்குப் பச்சை:
பொறுமைசாலி, சண்டைக்குப் போகமாட்டார்.
அடையாள அட்டையில் பொட்டு ஒட்டிவிட்டார்கள்.

கடலூர் சிப்காட்டில், சாயக் கம்பெனியில்
ஆளுக்கொரு நிறம் புதிதில்லை.
ஏழு வருஷம் மஞ்சள் பிளாக்.
தலையணை உறை, பஸ் சீட்டு,
தூக்கிய பிள்ளையின் கன்னம்.
மூச்சு இழுக்கிறதென்று எழுதிக் கொடுத்தேன்,
நீல பிளாக்குக்கு மாற்றினார்கள்.
அன்றைக்கு மேனேஜர் மேசையில் நான் குத்திய குத்து
கேட் வரைக்கும் கேட்டதாம்.
அதைப் பற்றி
அறுபதில் ஒரு கேள்வியும் இல்லை.

ரெண்டாம் ஷிப்ட் பஸ்
பச்சையாங்குப்பம் தாண்டும்போது
தேசிங்கு என் பொட்டைக் காட்டி
"உங்க ஊரு, இறங்கலையா" என்றான்.

வீட்டில் சொன்னேன், நான் பச்சையாம்.
அமிர்தவல்லி என் பனியனை
டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள்.
மஞ்சள் போகாத அக்குளில்
நீலம் ஏறியிருந்தது.

"இதுக்கா அறுபது கேள்வி" என்றாள்.
"தனி வாளியில போடு."