அறுபத்திரண்டரை கே.வி.ஏ.

டிக்கெட் எழுநூறு ரூபாய்.
மணிக்கட்டில் ஒரு பச்சைக் காகிதப் பட்டையைச் சுற்றி ஒட்டினார்கள்,
பிரசவ வார்டில் குழந்தைக்குக் கட்டுவதுபோல.
"கழட்டினா திரும்ப உள்ள வர முடியாது" என்றான் வாசலில் நின்றவன்.
இருபத்தாறு வருஷம்
எந்தப் பட்டையும் இல்லாமல் உள்ளே போனவன் நான்,
பின்பக்கமாக, டீசல் கேனோடு.

புதுச்சேரி, பழைய துறைமுகத்து மணல்.
பிளாஸ்டிக் நாற்காலி, எட்டாவது வரிசை.
மேடையை முன்னாலிருந்து பார்ப்பது
முதுகு மட்டும் தெரிந்த ஆளை
முகம் பார்க்கிற மாதிரி
கூச்சமாயிருந்தது.
செண்பகம் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தாள்.

'நங்கூரம்' வந்தார்கள்.
நாலு பேரில் ரெண்டு பேருக்குக் கைத்தாங்கல்.
அந்துவான் அருளப்பன் படியேறியதும்
கிடாருக்கு முன்னால் மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கினார்.
டிரம்ஸ் தைரியநாதனின் ஸ்டூலில்
காற்றடித்த ரப்பர் வளையம். மூலத்துக்கு வைப்பார்களே, அது.
முன்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள்.
அவர் குச்சியோடு குச்சியை நாலு தரம் தட்டினார்.
அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு இவர்கள் பாட்டு ஒன்றும் தெரியாது.
மஞ்சக்குப்பம் மைதானம், சில்வர் பீச் புத்தாண்டு, உப்பளம்,
எங்கே போனாலும் நான் கேட்டது
அறுபத்திரண்டரை கே.வி.ஏ. பாடிய ஒரே பாட்டு.
மேடையில் நடப்பதை மீட்டரில் பார்ப்பேன்:
பேஸ் இறங்கினால் முள் ஏறும்.
கைதட்டலுக்கு முள் அசையாது.

இன்று முள் என் நெஞ்செலும்பு.
மடியில் சுண்டல் துள்ளியது.
அந்துவான் பாடியதில் பாதி பிரெஞ்சு, பாதி இங்கிலீஷ்.
ஒரு வரி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது,
'ஆயில் மாத்து, ஆயில் மாத்து' என்றுதான் எனக்குக் கேட்டது.
கூடவே பாடினேன்.
செண்பகம் வலது காதில் ஏதோ சொன்னாள்.
அது செத்த காது.
உதட்டைப் பார்த்துத் தலையாட்டினேன்.

ஏழாவது பாட்டு, மெதுவான பாட்டு.
எல்லோரும் கண்மூடி அசைகிறார்கள்.
பாட்டுக்கு அடியில், அலைக்கும் அடியில்
ஒரு விக்கல்.
ஃபில்டர் அடைப்பு. இல்லை, டீசலில் தண்ணீர்.
மறுபடி விக்கல்.
அங்கே இருதயராஜ் இருக்கிறான்,
போனைத் தடவிக்கொண்டிருப்பான்.
என் கால் தானாக எழுந்தது.
செண்பகம் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.
"எழுநூறு ரூபா" என்றாள்.
அது இடது காதில் விழுந்தது.

உட்கார்ந்தேன்.
நான் இருக்கிற இடத்தில் இதுவரை
ஒரு பல்புகூட அணைந்ததில்லை.
அணைந்தது.

சிவப்பு போச்சு, நீலம் போச்சு,
ஸ்பீக்கர் பெருமூச்சு விட்டு அடங்கியது.
மைக் இல்லாத அந்துவானின் குரல்
மீன் விற்பவளின் குரலைவிடச் சின்னது,
ஒவ்வொரு வரியின் கடைசியிலும் லேசாக உடைகிறது.
இவ்வளவு நேரம் அது தெரியவே இல்லை.
தைரியநாதன் நிறுத்தவில்லை.
அவருக்குக் கரண்ட் எதற்கு?
போன் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாய் மேலெழும்ப
ஈரத்துணியை உதறுவதுபோல் அடித்துக்கொண்டே போனார்,
வாயைத் திறந்து, முன்பல் இல்லாமல்.

நாலு நிமிஷம். அஞ்சு.
என் தொழிலுக்குத் துரோகம் செய்தபடி
எட்டாவது வரிசையில் வேண்டிக்கொண்டிருந்தேன்:
அவசரப்படாதேடா இருதயராஜ்,
லைனில் காற்று இருக்கும், நிதானமா எடு,
போல்ட்டு கீழே விழட்டும், தேடு.

வந்துவிட்டது.
ஹோவென்று கூட்டம் கைதட்டியது. பாட்டுக்கல்ல, கரண்டுக்கு.
இத்தனை வருஷமும் தட்டியிருப்பார்களோ என்னவோ.
முள்தான் அசையாதே.

முடிந்ததும் பின்பக்கம் போனேன்.
வேர்த்து நின்றான். "ஃபில்டர்ணே."
"தெரியும்."
"எங்கேருந்து கேட்ட?"
மணிக்கட்டைக் காட்டினேன்.
நம்பாமல் தொட்டுப் பார்த்தான்,
பச்சையில் கறுப்பாய்
ஒரு விரல்.