மூன்றாம் சாவி

லப்ரொப் நெடுங்கேணி தாண்டும்போதே செத்துவிட்டது.
பையில் மிஞ்சியது போன்,
கிளிநொச்சியில் முந்நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய
கட்டைவிரல் நீள ஓடிஜி வயர்,
லொத்தர் துண்டில் சுற்றிவைத்த நீலச் சில்லு ஒன்று.
பனிச்சைக்குளத்து யானைவேலிக்கு
இவ்வளவோடுதான் போனேன்.

பெட்டி பாலைமரத்தடியில்.
திறந்தால் கறையான் மண், இரண்டு பல்லிமுட்டை,
எதற்கென்று சொல்லாமல் எரியும் பச்சை விளக்கு.
பதினேழாம் திகதி இரவு வேலி ஏன் செத்தது?
தவமலரின் அறுபது வாழையும்
நெல் அடுக்கிய அறையின் சுவரும் போனது எப்படி?
மின்னல் என்றது கொழும்புக் கம்பனி.
அன்று ஒரு துளி மழையில்லை என்றது சங்கம்.
பெட்டியையே கேள் என்று
என்னை அனுப்பிவிட்டார்கள்.

கேட்பது லேசில்லை.
அதன் வாய் என் காதுக்கு,
என் வாய் அதன் காதுக்கு.
மாறிக் கொழுவினால்
எல்லாரும் ஒரேநேரம் கதைக்கிற கலியாணவீடு.
மூன்றாவது வயர் நிலம்.
அது கழன்றால் சொல்வதெல்லாம் உளறல்.

தனோஜன் தன் சேட்டைக் கழற்றி
இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தான்.
இல்லாவிட்டால் அந்த வெயிலுக்குத் திரையில்
என் மூக்கு மட்டும்தான் தெரியும்.
வேலிக் காவல் அவன்.
மாதம் பதினெண்ணாயிரம், அதுவும் வந்தால்.

இந்தக் கருவியை அனுமதிக்கவா, கேட்டது போன்.
ஓம்.
முதலில் ஒன்பதாயிரத்து அறுநூறு.
கட்டம், கட்டம், கேள்விக்குறி,
தலைகீழ் ஆச்சரியக்குறி, திரும்பவும் கட்டம்.
"பேய் பிடிச்சிருக்கோ அக்கா?"
வேகம் பிழை, என்றேன்.
தன் வேகத்தை இது யாருக்கும் சொல்லாது,
நாங்கள்தான் ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்க்கவேணும்.
பத்தொன்பதாயிரத்து இருநூறு: கட்டம்.
முப்பத்தெண்ணாயிரத்து நானூறு: கட்டம், நடுவே ஒரு சீன எழுத்து.
பற்றறி முப்பத்தொன்று.
நீலச் சில்லுக்கும் என் போன்தான் சோறு போடுகிறது.
கேட்பவள் செலவில்தான் பதில்.

ஒரு இலட்சத்துப் பதினையாயிரத்து இருநூறு.

சடாரென்று எழுத்தெல்லாம் நிமிர்ந்து நின்றன.
மணிக்கூடு ஆறு நிமிடம் பிந்தி, திகதி சரி.
செவ்வாய். இரவு பதினொன்று நாற்பத்திரண்டு, நிறுத்தம். மூன்றாம் சாவி.
பன்னிரண்டு பதினாறு, தொடக்கம். மூன்றாம் சாவி.
வெள்ளி. பதினொன்று நாற்பது.
செவ்வாய்.
வெள்ளி.
விரலால் மேலே தள்ளத் தள்ளச்
சித்திரை போய் வைகாசி வந்தது,
மூன்று மாறவில்லை.
பதினேழு. பதினொன்று முப்பத்தெட்டு, நிறுத்தம்.
கீழே தொடக்கம் இல்லை.
விடியும்வரை ஒன்றுமே இல்லை.

சேட்டின் நிழல் திரையில் நடுங்கியது.
அவன் கழுத்துக் கயிற்றில்
மடுமாதா பதக்கத்தோடு உரசிக்கொண்டு
மூன்று என்று பொறித்த சாவி.
"வாசிக்குதோ?"
"வாசிக்குது."
கொஞ்சநேரம் பெட்டி மட்டும் எழுதிக்கொண்டிருந்தது.

"அண்டைக்கு ரக்ரர் மணலுக்குள்ள புதைஞ்சிட்டுது அக்கா.
இழுத்து எடுக்க விடிஞ்சுபோச்சு."

நான் எந்த வேகத்தையும் போட்டுப் பார்க்கவில்லை.

கையை இறக்கியிருந்தால்
வெயில் வந்து திரையை மூடியிருக்கும்.
இறக்கவில்லை.
அக்குளில் வியர்வை வழிய
கடைசி வரி வரும்வரை பிடித்துக்கொண்டே நின்றான்.

சேமிக்கவா? பெயர் என்ன?
பற்றறி பத்தொன்பது.
பதினேழு என்று பெயர் வைத்தேன்.
பிறகு தொடக்கக் கட்டளையை எழுத்தெழுத்தாய் அடித்து அனுப்ப,
உடனே ஒரு புது வரி:
பகல் பன்னிரண்டு ஐந்து, தொடக்கம். சாவி இல்லை.
பெட்டிக்குள் டிக்.
ஒரு செக்கன் விட்டு இன்னொரு டிக்.
காட்டுப்பக்கக் கம்பியில் காய்ந்த கொடியொன்று பொரிந்தது.

சேட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவன்
வேலிக்கட்டையில் சாயப்போனான்.
தள்ளி நில் தம்பி, என்றேன்,
கரண்ட் வந்திட்டுது.