தயார்நிலைக் கட்டணம்

மாதத்தின் ஒன்றாம் தேதி
சோழவந்தான் சாலையில் ஓர் ஆலைக்குப் போவேன்,
பூஜ்ஜியத்தைப் பார்த்துவிட்டு வர.

வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டினால்
நாகமலை முதுகு காட்டும் வளைவில்
நான்கு புகைபோக்கிகள், புகை இல்லாமல்.
எண்ணெய்த் தொட்டியின் மேல் எப்போதும் ஒரு மயில்.

வாரியத்தின் சார்பில் நான்,
கம்பெனியின் சார்பில் பிரணவ் என்று ஒரு பையன்.
சீல் உடைத்து, டார்ச் அடித்து
ஒருவர் படிக்க மற்றவர் எழுதுவோம்.
அனுப்பிய மின்சாரம்: இல்லை.
எடுத்துக்கொண்ட மின்சாரம்: உண்டு.
உலை எண்ணெய் உறைந்துவிடாமல்
இளஞ்சூட்டிலேயே வைத்திருக்க வேண்டுமாம்.
தூங்குகிறவனுக்குக் கம்பளியும்
நம் கம்பி வழியாகத்தான் போகிறது.

நான் பச்சை மையில், அவன் நீல மையில்.
பிறகு டீ, முந்திரி பிஸ்கட்.

மதுரை திரும்பி பில் தயாரிப்பேன்.
வாங்கிய யூனிட்டுக்கு: பூஜ்ஜியம்.
தயாராக இருந்ததற்கு:
எழுத்தால் எழுதினால்
கட்டத்தை விட்டு வெளியே வழிகிற ஒரு தொகை.

குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.
நாளில் பாதிக்கு மேல் ஊரை இருட்டில் போட்டு
போனை எடுக்கவே நாங்கள் பயந்த அந்த வருஷம்
இதே ஆலைதான் இருமி இருமி ஓடியது.
விலை ஆனை விலை. வாங்கினோம்.
யார் வீட்டு இன்குபேட்டருக்கு,
செல்லூரில் எந்தத் தறிக்கு
அந்த யூனிட் போய்ச் சேர்ந்தது என்று
கம்பியைக் கேட்டால் சொல்லாது.

ஒப்பந்தம் எழுதியவர்களிடமும் ஒரு நியாயம் இருந்தது.
அணை நிரம்புமா, நிலக்கரிக் கப்பல் வருமா,
வாரியம் பணம் கட்டுமா என்று தெரியாத ஊரில்
கடன் கொடுத்தவன் தூங்க
ஒரு ஷரத்து வேண்டியிருந்தது:
‘ஓடினாலும், ஓடாவிட்டாலும்.’
அவன் நன்றாகத் தூங்குகிறான்.
அந்த இரண்டு சொல்லுக்குத்தான்
இன்னும் ஏழு வருஷம் வாடகை பாக்கி.

கேட்டில் காவலுக்கு ஒச்சு.
ஆலையின் ஆள் இல்லை, ஏஜென்சி ஆள்.
கருமாத்தூரில் மச்சினன் சாவுக்குப் போய்
இரண்டு நாள் வரவில்லை. பிடித்துவிட்டார்கள்.
“மெஷினு மூணு வருஷமா எந்திரிக்கல சார்.
அதுக்கு முழுச் சம்பளம்.
நான் நின்னுக்கிட்டுல்ல இருக்கேன்”
என்று சொல்லிச் சிரித்தான்.
நானும் சிரித்துவைத்தேன்.
வேறு என்ன செய்ய,
என்னிடம் இருப்பது ஒரு பேனா.

இன்று மறுபடியும் ஒன்றாம் தேதி.
ஏழு மணி. சிம்மக்கல்.
கரண்டி, ரசமட்டம், சாந்துச்சட்டி,
தூக்குவாளியில் நேற்றுச் சோறு.
ஐம்பது அறுபது பேர்,
அலங்காநல்லூர், வரிச்சியூர், திருப்புவனம் என்று
பஸ்ஸுக்குக் கொடுத்து வந்து நிற்கிறார்கள்.
பத்து மணிக்குள் யாரும் கூப்பிடவில்லை என்றால்
நின்றதற்கு எந்தக் கணக்கிலும் பத்து வராது.

மாடு குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தேன்.
சக்கரம் நிற்பதற்குள்
ஹேண்டில்பாரைச் சுற்றி நாலைந்து பேர்.
“எத்தனை ஆளு சார்?”
“பூச்சா, கட்டடமா?”
“சித்தாளு நான் வர்றேன்ணே”
என்று பின்னாலிருந்து ஒரு பெண்,
சும்மாட்டுத் துணியை அதற்குள் சுருட்டிவிட்டாள்.

ஆலை முழுச் சுமைக்கு எழுந்திருக்க
ஒப்பந்தம் தரும் அவகாசம் ஆறு மணி நேரம்.
இவர்களுக்கு ஒரு பிரேக் சத்தம்.

“இல்லம்மா, சும்மா நின்னேன்” என்றேன்.
சும்மா நிற்பது என்றால் என்னவென்று
அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மாடு நகரவில்லை. பின்னால் ஹாரன்.
மடியில் பை, பைக்குள் படிவம்.
வீட்டை விட்டுக் கிளம்பும்போதே
பூஜ்ஜியத்தை எழுதிவிட்டேன்,
அங்கே போய் நேரத்தை வீணாக்க வேண்டாமே என்று.