சட்டம் மட்டும் எண்ணூறு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில்
என் கடைக்கு வருகிறவர்கள்
படத்தைப் பார்ப்பதில்லை.
பர்மாத் தேக்கா, பெல்ஜியம் கண்ணாடியா
சுண்டிப் பார்த்து விலை கேட்பார்கள்.
சட்டம் மட்டும் எண்ணூறு என்பேன்.
உள்ளே இருக்கும் செத்தவர்கள் இனாம்.

இது பழைய கச்சேரிக் கிடங்கை ஒழித்த ஏலத்தில்
துருப்பிடித்த விலங்குகளோடு வந்தது.
சாட்சிப் பொருள் எண் பதினான்கு.
நாலு பேர் நின்று, மூன்று பேர் பெஞ்சில்.
ஏழு பேருக்கும் முகம் இல்லை.
கறையான் இல்லை.
ஊசி.
வெள்ளைத் தாள் தெரியும்வரை
சுழற்றிச் சுழற்றிச் சுரண்டிய ஊசி.

பின்னட்டைக்குள் நாலாய் மடித்த நோட்டீஸ்:
சேவுகன் அம்பலம், வயது முப்பத்தொன்று.
தந்திக் கம்பி அறுத்தவன்.
கொட்டடிப் பூட்டை உடைத்து
அடைபட்டவர்களை அவிழ்த்துவிட்டவன்.
பிடித்துக் கொடுத்தால் ரூபாய் ஐந்நூறு.
அங்க அடையாளம், இடது காலில் ஆறு விரல்.
ஓரத்தில் பென்சிலில் ஏதோ ஏட்டையாவின் கை:
'பெண்சாதி அடைக்கியிடம் படம் கேட்டதில்
இதைக் கொடுத்தாள்.
இதில் எவனடி என்றதற்கு
எல்லாருந்தான் என்றாள்.'

ராத்திரி லென்ஸை எடுத்தேன்.
பெஞ்சுக்குக் கீழே ஆறு வெறுங்கால்கள்.
நடுவில் இருப்பவனுக்கு ஐந்துதான்.
ஓரத்தில், இடம் பத்தாமல்
பாதித் தொடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு
சுண்டுவிரலை ஒட்டி இன்னொரு மொட்டு.
துரை கொஞ்சம் குனிந்திருந்தால் போதும்.
குனிகிற வழக்கம் அவர்களுக்கு இல்லை.
ஆனால் அந்தக் காலருகே
பென்சிலால் வைத்த ஒரு புள்ளி.
யாரோ குனிந்திருக்கிறான்.
குனிந்து, பார்த்து,
வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்திருக்கிறான்.

மாசியில் சிலைக் கமிட்டி வந்தது.
செயலாளர் சொக்கலிங்கத்துக்கு
அவசரமாய் ஒரு முகம் வேண்டும்.
ஏழு வெள்ளை வட்டங்களைப் பார்த்தார்.
'மீசை இருந்திருக்கும்ல?'
கால் இருக்கிறது என்றேன்.
'காலை வச்சு என்னய்யா பண்றது?'
பிறகு கேள்விப்பட்டேன்,
அவர் மாமனார் சாடையிலேயே
வார்த்துவிட்டார்களாம்.

திறப்பு விழாவுக்கு நானும் போனேன்.
மாலைகளுக்கு மேலே நல்ல முறுக்கு மீசை.
கூட்டம் கலைந்தபின் குனிந்து பார்த்தேன்.
பூட்ஸ் போட்டிருந்தார்கள்.

போன வாரம் புதுச்சேரி ஹோட்டல்காரர் ஒருவர்
சுண்டிப் பார்த்தார்.
எண்ணூறு என்றேன். எழுநூறுக்கு முடிந்தது.
ஆணி பிடுங்கி, படத்தை உருவிக்கொண்டு
சட்டத்தைக் கொடுத்தனுப்பினேன்.

ஏழு பேரும் இப்போது
என் மேசைக் கண்ணாடிக்கடியில்.
அதன் மேல் வைத்துத்தான்
தினமும் பில் எழுதுகிறேன்.
அந்தப் பென்சில் புள்ளி மேல் மட்டும்
எதையும் வைப்பதில்லை.